ஓட்டை இருந்தும் குழந்தை ஏன் நீலம் பாரிக்கவில்லை?

3 மாதக் குழந்தைக்கு எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை. கெட்ட ரத்தம் (ஆக்சிஜன் குறைந்த ரத்தம்) கலந்து நீலம் பாரிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் சகோதரி, கசிவு எதிர்த்திசையில்தான். வலது கீழறை பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்புகிறது. இடது கீழறையோ உச்சி முதல் பாதம் வரை தள்ளியாக வேண்டும், அதனால் அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம். ஆகவே ஆக்சிஜன் ஏறிய ரத்தம்தான் வலப்பக்கம் கசிந்து, திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. உடம்புக்குப் போவது நல்ல ரத்தமே. நுரையீரலுக்கும் இடது இதயத்துக்கும்தான் கூடுதல் வேலை. சிறிய ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும்.

பால் குடிக்கையில் வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் குழந்தைகள் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு நீலமானால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.