மூட்டு மாத்திரை ரத்தக் குழாயை அடைக்குமா?

உங்கள் கடிதத்தில் நீங்கள் அஞ்சுவதுபோல், முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எடுத்துவந்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை உங்கள் ரத்தக் குழாய்களை அடைக்கவில்லை. அது குழாயைக் கெடுக்கும் என்று சொன்ன ஒரு காணொளியை நம்பி நான்கு மாதங்களுக்கு முன் அதை நீங்களாகவே நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையையும் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் நாள்தோறும் விழுங்கி வருவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. அதைவிடப் பெரிய கவலை, கடிதத்தின் முடிவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. மூன்று வாரங்களாக மாடிப்படி ஏறும்போது இடது தோளும் தாடையும் இறுக்கிப் பிடிப்பதாகவும், சற்று நின்றால் சரியாகிவிடுவதாகவும் சொல்லி, இதுவும் மூட்டு வலிதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூட்டு வலி என்று நான் ஏற்க மாட்டேன். படி ஏறும்போது உழைப்பவை கால்கள். தோள் மூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. முடக்குவாதத்தில் தோள் வலித்தால் காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கும், தலை வாரக் கையைத் தூக்கும்போது வலிக்கும், மூட்டை அழுத்தினால் நோகும், கொஞ்சம் அசைத்துப் பழக்கிய பிறகு தளரும். உங்களுக்கோ நடந்தால் வருகிறது, நின்றால் சில நிமிடங்களில் போய்விடுகிறது, கையை எப்படித் திருப்பினாலும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது வரும் வலி இப்படித்தான் இருக்கும். நடு நெஞ்சில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பெண்களுக்குத் தாடையிலோ தோளிலோ முதுகிலோ வருவதும், வெறும் மூச்சு வாங்கலாகவும் களைப்பாகவும் வருவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்து பழகிய முடக்குவாத நோயாளிகள் இதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

எனவே நாளையே ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். ‘தோள் வலி’ என்று சுருக்கிச் சொல்லாமல், ‘படி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது’ என்று சொல்லுங்கள். முடக்குவாதம் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். இத்தகைய வலி உள்ள பலருக்கு ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது. அடுத்து என்ன பரிசோதனை என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். அதுவரை படி ஏறிச் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். இதே இறுக்கம் உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, வியர்வையோடு வந்தாலோ, சில நிமிட ஓய்வில் அடங்காவிட்டாலோ விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். முடக்குவாதம் மூட்டோடு நிற்கும் நோய் அன்று. மூட்டின் உட்சவ்வை வீங்கச் செய்யும் அதே அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் சுற்றி, குழாய்களின் உட்சுவரையும் புண்படுத்துகின்றன. கொழுப்பு படிவதும் படிந்த திட்டு வெடிப்பதும் அங்கே எளிதாகிறது. அதனால்தான் பொதுமக்களுக்கான மாரடைப்பு அபாயக் கணக்கை முடக்குவாத நோயாளிக்குப் பயன்படுத்தும்போது, வரும் விடையை 1.5ஆல் பெருக்கிக்கொள்ளும்படி ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு பரிந்துரைத்திருக்கிறது. அழற்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைகிறது. மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துவரும் முடக்குவாத நோயாளிகளிடையே மாரடைப்பு குறைவாக இருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நீங்கள் அனுப்பிய காணொளி சுட்டும் 2019ஆம் ஆண்டு ஆய்வு, முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. அவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்பதே அதன் முடிவு. ‘குறைக்கவில்லை’ என்பதைக் ‘கெடுக்கிறது’ என்று மாற்றிப் பேச ஒரு கேமராவும் கொஞ்சம் துணிச்சலும் போதும் போலிருக்கிறது.

சிகிச்சை தொடங்கிய பின் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். ஏறியது மருந்தின் கேடு என்று எண்ணிவிட்டீர்கள். அழற்சி கொழுந்துவிட்டு எரியும் காலத்தில் ரத்தக் கொழுப்பு இயல்பைவிடக் குறைந்து காட்டும். அழற்சி தணியும்போது அது தன் பழைய அளவுக்குத் திரும்புவது வழக்கம். அந்த அளவு அதிகமாக இருந்தால் அதற்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து இருக்கிறது. மூட்டு மருந்தை நிறுத்துவது அதற்கு வைத்தியம் ஆகாது.

மூட்டு மருந்துகளில் ரத்தக் குழாயை மனத்தில் வைத்து யோசித்துக் கொடுக்க வேண்டியவையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். டோஃபாசிட்டினிப் வகை மருந்துகளுக்கு, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி ஆகியவை பற்றிய கடும் எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் சேர்த்தது. அது உங்கள் சீட்டில் இல்லை. அதே நேரம், நீங்கள் ‘சாதாரண வலி மாத்திரை’ என்று குறிப்பிடும் டைக்ளோஃபினாக் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் மருந்துகளில் ஒன்று. உப்பையும் நீரையும் உடலில் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் வாட்டும். ஸ்டீராய்டு நாள்பட நீடித்தால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் உயர்த்தும். பயந்து விட்டெறிந்த மருந்து குழாய்களைக் காத்துக்கொண்டிருந்தது. நம்பி எடுத்துக்கொண்ட இரண்டும் அவற்றுக்கு எதிராக வேலை செய்கின்றன. டைக்ளோஃபினாக்கை இன்றே நிறுத்துங்கள். பிரெட்னிசோலோனை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்: மாதக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென விட்டால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க வேண்டிய, இப்போது தூங்கிப்போன அட்ரீனல் சுரப்பி கைகொடுக்காமல் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். மருத்துவர்தான் அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்கும் மற்றவை, அதாவது தொடையில் தெரியும் மெல்லிய நீல நரம்புகள், சீப்பில் சிக்கும் முடி, உட்கார்ந்து எழும்போது முழங்காலில் கேட்கும் சத்தம் ஆகிய எதுவும் குழாய் அடைப்பின் அடையாளம் அல்ல, விட்டுவிடுங்கள். ரத்தக் குழாயைக் ‘கழுவிச் சுத்தம் செய்யும்’ மாத்திரை என்று ஒன்று கிடையாது, யார் விற்றாலும்.

இதயப் பரிசோதனை முடிந்ததும் உங்கள் ருமட்டாலஜிஸ்டிடம் (வாதநோய் மருத்துவரிடம்) போய், மருந்தை நிறுத்திய கதையைத் தயங்காமல் சொல்லுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மெத்தோட்ரெக்ஸேட்டை அவர் மீண்டும் தொடங்குவார். மிச்சமிருக்கும் அட்டையை எடுத்து நீங்களே ஆரம்பிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து அது. தவறுதலாகத் தினமும் எடுத்து, எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு என்பதால், எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.