ஒரே டிஸ்க்கை இரண்டு கணினிகளில் மவுண்ட் செய்யலாமா?

கேள்வி: ஒரு கணினியில் சும்மா கிடந்த 2 டெராபைட் டிஸ்க்கை ஐஸ்கஸி (iSCSI, டிஸ்க்கை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் முறை) வழியாக வேறு இரண்டு லினக்ஸ் கணினிகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் எக்ஸ்ட்4 (ext4) ஃபைல் சிஸ்டமாக மவுண்ட் ஆகிறது, அதாவது பயன்படுத்தும்படி இணைகிறது. ஆனால் ஒன்றில் சேமித்த கோப்பு மற்றதில் தெரிவதில்லை. ரீபூட் செய்தால்தான் தெரிகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் இரண்டு கணினிகளிலும் அன்மவுண்ட் செய்துவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

செட்டிங்கில் தவறில்லை. ஐஸ்கஸி கோப்புகளைப் பகிர்வதே இல்லை. 'இத்தனையாவது பிளாக்கைக் கொடு, இதில் இதை எழுது' என்று டிஸ்க்கின் சிறு துண்டுகளான பிளாக்குகளைக் கேட்கும் ஸ்கஸி (SCSI) கட்டளைகளை நெட்வொர்க்கில், வழக்கமாக 3260-ஆம் போர்ட்டில், கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது எக்ஸ்ட்4. அதுவோ இந்த டிஸ்க்குக்கு நான் ஒருவன்தான் என்று நம்பி, காலி பிளாக்குகளின் பட்டியலை மெமரியில் வைத்துக்கொண்டு எழுதுகிறது. முதல் கணினி 5,000-ஆவது பிளாக்கில் ஒரு படத்தைச் சேமித்திருக்கும். இரண்டாவதின் பழைய பட்டியலில் அது இன்னும் காலி. அதே இடத்தில் வேறொன்றை எழுதிவிடும். அந்த நேரத்தில் ஒரு பிழைச் செய்திகூட வராது.

நானும் இப்படி ஒரு டிஸ்க்கை இழந்திருக்கிறேன். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்செக் (fsck) ஓடி முடிந்ததும், அது மீட்டவற்றைப் போடும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் பெயர் போய் வெறும் எண்ணோடு கோப்புகள் குவிந்திருந்தன. ஒரு புகைப்படத்தைத் திறந்தேன். மேல்பாதியில் முகங்கள் தெளிவாக இருந்தன, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.

இரண்டாவது கணினியில் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ஜர்னலில் முடிக்காத மிச்சம் இருந்தால் ரீட்-ஒன்லி மவுண்டிலும் எக்ஸ்ட்4 அதை டிஸ்க்கில் எழுதும்.

உங்களுக்கு வேண்டியது ஒரே கோப்புகளை இருவரும் பார்ப்பதுதான் என்றால், டிஸ்க் இருக்கும் கணினியிலேயே மவுண்ட் செய்து கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்.எஃப்.எஸ். (NFS) அல்லது சாம்பாவில் (Samba) பகிருங்கள். கணக்கு ஒரே கையில் இருக்கும். ஐஸ்கஸிதான் வேண்டுமா? சரி, டிஸ்க்கைப் பிரிக்க உதவும் எல்.வி.எம்.மில் (LVM) இரண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரே டிஸ்க்கைப் பல கணினிகள் சேர்ந்து பயன்படுத்த ஜி.எஃப்.எஸ்.2 (GFS2) போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டங்கள் இருக்கின்றன. ஆனால் பூட்டு மேலாண்மை (யார் எப்போது எழுதலாம் என்ற கட்டுப்பாடு), ஃபென்சிங் (பழுதான கணினியை டிஸ்க்கிலிருந்து துண்டிப்பது) எல்லாம் சேர்ந்து வரும். இரண்டு கணினிகளுக்கு அது வேண்டாம் என்பேன்.

இப்போதைய டிஸ்க்கை அப்படியே மவுண்ட் செய்யாதீர்கள். முழுவதையும் டிடி (dd) என்ற நகலெடுக்கும் கட்டளையால் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் எஃப்எஸ்செக் ஓட்டுங்கள்.