போர் நினைவு நாளுக்குக் கையால் பின்னிய பாப்பிப் பூ எதற்கு? கடையில் வாங்கி வைத்தால் ஆகாதா?

மெல்பர்ன் வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். எங்கள் பகுதி நூலகத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிவப்பு நூலில் பூப் பின்னிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் 25, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் போர் நினைவு நாளான அன்சாக் நாளுக்கு நூலக முகப்பில் வைப்பதற்காக. எனக்குப் பின்னல் என்றால் வயர் கூடைதான். நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார். முதல் பூவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போனது. கை பழகிய பிறகும் ஒரு பூவுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு மணி நேரம்தான்.

பாப்பி என்றதும் நமக்குக் கசகசா ஞாபகம் வரும். இது அதே குடும்பத்தில் வேறு செடி, ஐரோப்பிய வயல்களில் தானாக முளைப்பது. விதை வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும், மண்ணைக் கிளறினால் முளைத்துவிடும். முதல் உலகப் போரில் பெல்ஜியம், வடக்கு பிரான்ஸ் வயல்களைக் குண்டுகள் புரட்டிப் போட்டன. இறந்த வீரர்களைப் புதைத்த இடங்களிலெல்லாம் இந்தப் பூ சிவக்கச் சிவக்கப் பூத்தது. நினைவுச் சின்னமாகச் சட்டையில் குத்திக்கொள்வது 1921இல் இங்கேயும் பிரிட்டனிலும் வழக்கமானது.

ஊர் கூடிப் பின்னுவது இந்த அளவுக்குப் பரவியதற்கு மெல்பர்னின் இரண்டு பெண்கள் முக்கியக் காரணம்: லின் பெர்ரி, மார்கரெட் நைட். இரண்டாம் உலகப் போருக்குப் போன தங்கள் அப்பாக்களின் நினைவாக 2013இல் 120 பூ பின்னலாம் என்று தொடங்கினார்கள். பிறகு இலக்கு 5000 ஆனது. திட்டத்தின் பெயரே 5000 பாப்பீஸ். 2015 அன்சாக் நாளன்று மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் விரிந்தவை இரண்டரை லட்சத்துக்கும் மேல். அடுத்த வருஷம் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சிக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் பூக்கள் போயின. பலர் யாருக்காகப் பின்னினோம் என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். கடைப் பூவோடு அப்படி ஒரு சீட்டு வருமா?

சரி, செய்வது எப்படி? எங்கள் குழுவில் 4 மில்லிமீட்டர் ஊசியில் 120 கண்ணி ஏற்றி, பத்து வரிசை பின்னுவோம். அப்புறம் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து 60, சில வரிசை கழித்து 30, பிறகு 15. மிச்சக் கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இழுத்தால் விளிம்பு சுருங்கி இதழாகிவிடும். நடுவில் ஒரு கறுப்பு பட்டன். மழையில் நனையப்போகிற பூவுக்கு அக்ரிலிக் நூல் நல்லது. பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துத் தொங்கிவிடும். குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

எனக்கு ஊசி கொடுத்த பாட்டி வருஷா வருஷம் முதல் பூவைத் தன் பாட்டியின் தம்பிக்காகப் பின்னுவார். அவர் 1916இல் பிரான்ஸில் போசியேர் சண்டையில் இறந்தவர். உடல் கிடைக்கவில்லை, அங்குள்ள வில்லேர்-பிரெட்டனோ நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. பட்டனைத் தைத்து முடித்ததும் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வார். அப்போது ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத ஆஸ்திரேலியாவிலிருந்து போய், முதல் உலகப் போரில் சுமார் 62,000 பேர் திரும்பவில்லை. இந்த எண்ணை நான் முன்பே படித்திருந்தேன். அந்த மேஜையில் அந்தப் பெயரைக் கேட்ட அன்றுதான் தொண்டை அடைத்தது.

எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லையே என்றேன். அப்போதுதான் எம்டன் நினைவு வந்தது. எங்கள் தாத்தாவை ஊரில் "சரியான எம்டன்" என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு நினைவுக் கல் இருக்கிறது. அந்தக் கப்பலை நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவருகே அடித்து நொறுக்கியது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி. சிட்னி கப்பலில் நான்கு பேர் இறந்தார்கள். நம் ஊரைச் சுட்ட கப்பலோடு மோதிச் செத்த அந்த நால்வருக்காக நான்கு பூக்கள் பின்னினேன். ஒன்றுக்குக் கறுப்பு பட்டன் கிடைக்கவில்லை, என் பழைய சட்டையின் கரும்பச்சை பட்டனைத் தைத்தேன்.

பூக்கள் எல்லாவற்றையும் ஒரு வலையில் கட்டி நூலக முகப்பில் தொங்கவிட்ட அன்று, மற்ற மூன்றையும் என்னால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கரும்பச்சை மட்டும் வாசலுக்கு வலது பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.