எந்த வகுப்பை எங்கே படித்தோம்? கல்லூரி இடம், உதவித்தொகை: வாசகர் கேள்வி–பதில்

பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே கவலையைச் சொல்கின்றன: மதிப்பெண் இருக்கிறது, ஆனாலும் பிள்ளைக்குத் தகுதி உண்டா? கர்நாடகம், தமிழ்நாடு இரண்டு அரசுகளும் எத்தனை மார்க் என்று பார்ப்பதற்கு முன், எந்த வகுப்பு, எந்த ஊர், எந்தப் பாடம் என்றுதான் பார்க்கின்றன. கல்விக் குழுவின் பதில்கள் இதோ.

திருவண்ணாமலையிலிருந்து வந்த குடும்பம். மகன் ஏழாம் வகுப்பில் பெங்களூரில் சேர்ந்தான்; இப்போது பத்தாவது. தாய்மொழி கன்னடம் இல்லாததால் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, கே.ஆர்.புரம்)

இடம் கிடைப்பது கடினம்தான். ஆனால் அதற்குக் காரணம் தாய்மொழி இல்லை.

கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. வைத்திருக்கும் தகுதிப் பிரிவுகளில் பெரும்பாலோர் வருவது 'ஏ' பிரிவில். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) வரையிலான படிப்பில் குறைந்தது 7 முழுக் கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துத் தேறியிருக்க வேண்டும். அத்துடன் பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இங்கே எழுதித் தேறியிருக்க வேண்டும். இந்தப் பிரிவில் தாய்மொழி என்ன என்ற கேள்வியே இல்லை, கன்னடத் தேர்வும் இல்லை. அந்தத் தேர்வு வெளிமாநிலத்தில் படித்த கன்னடர்களுக்கும் எல்லைப் பகுதிக் கன்னடர்களுக்கும் உரியது.

இப்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு ஆண்டுகள்தான். ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தால் சரியாக ஏழு வந்திருக்கும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. கணக்கில் வராது. ஒரு வகுப்பை இரண்டு வருடம் படித்தாலும் ஒரு வருடமாகவே எண்ணுவார்கள். எனவே "ஒரு வருஷம் நிறுத்திப் படிக்க வை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உங்களுக்கு இன்னொரு வழி பொருந்துமா என்று பாருங்கள். அம்மாவோ அப்பாவோ சிறுவயதில் 7 ஆண்டு கர்நாடகத்தில் படித்திருந்து, மகன் பி.யு.சி. இரண்டு ஆண்டும் இங்கேயே படித்துத் தேறினால் 'பி' பிரிவில் தகுதி உண்டு. பெற்றோரின் படிப்புச் சான்றிதழ் வேண்டும். கோலார் தங்கவயலிலோ பெங்களூர் அல்சூரிலோ வளர்ந்த அம்மாக்கள் பலர் தங்கள் பழைய பள்ளிச் சான்றுக்கு இப்படி ஒரு மதிப்பு இருப்பதை அறிவதில்லை.

அதுவும் இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு இப்போதே தயாராகுங்கள். அங்கே எட்டு முதல் பன்னிரண்டு வரை ஐந்து வகுப்புகளையும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. அதில் ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் தாசில்தார் தரும் இருப்பிடச் சான்று கட்டாயம், அதுவும் மின்சான்றாக. சொந்த ஊர் இ-சேவை மையத்தில் முதலில் கேன் எண் (விண்ணப்பதாரருக்கான பதிவு எண்) பதிய வேண்டும். பிறகு மனு கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும். ஊரில் ரேஷன் கார்டோ வீடோ இல்லாதவர்களின் மனு வி.ஏ.ஓ. மட்டத்திலேயே நின்றுவிடுவது உண்டு. அதனால் உங்கள் இருவரின் பள்ளிச் சான்றுகள், தாத்தாவின் பட்டா, பழைய ரேஷன் கார்டு எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். சாதிச் சான்றும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள்.

மகள் ஒன்று முதல் பத்து வரை பெங்களூரில் படித்தாள். பதினொன்றுக்கு நாமக்கல் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டோம். இரண்டு பக்கமும் கெட்டுவிட்டதா?
(வாசகர், அல்சூர்)

கெடவில்லை. கர்நாடகத்தில் பத்து ஆண்டுகள், எஸ்.எஸ்.எல்.சி.யும் இங்கே. 'ஏ' பிரிவில் அவள் தாராளமாக வருவாள். சி.இ.டி. எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புப் பாட மதிப்பெண்ணில் பாதி, சி.இ.டி.யில் பாதி என்று சேர்த்துப் பொறியியல் தரவரிசை போடுவார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எழுதிய பன்னிரண்டாவதும் செல்லும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் எட்டு, ஒன்பது, பத்து வெளியே என்பதால் இருப்பிடச் சான்று வேண்டும்.

இதற்கு நேர்மாறாகச் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று முதல் ஏழு வரை பெங்களூரில் படிக்க வைத்துவிட்டு, எட்டிலிருந்து ஊருக்கு அனுப்பினால் ஏழு ஆண்டு இருக்கும். ஆனால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ இங்கே இருக்காது. கர்நாடகத் தகுதி போய்விடும்.

உங்களுக்கு அவசரமான வேலை ஒன்று உண்டு. படிப்புச் சான்றிதழை பெங்களூர்ப் பள்ளியில் உடனே வாங்குங்கள். எந்த வகுப்பு, எந்தக் கல்வியாண்டு என்று ஒவ்வொன்றாக எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் அதன் மேல் வட்டாரக் கல்வி அலுவலரின் (பி.இ.ஓ.) மேலொப்பமும் இருக்க வேண்டும். இப்போது சாட்ஸ் எண்ணை (கர்நாடகப் பள்ளி மாணவர் பதிவு எண்) வைத்து கே.இ.ஏ. கணினியிலேயே பல விவரங்களைச் சரிபார்க்கிறது. ஆனாலும் சாட்ஸ் பதிவில் ஒரு வருடம் விடுபட்டிருந்தால் காகிதம்தான் காப்பாற்றும். சந்துகளில் நடக்கும் சின்னத் தனியார் பள்ளிகள் மூடிப்போவது புதிதல்ல. மூடிய பின் பதிவேட்டைத் தேடி அலைவதைவிட, டி.சி. வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிடுவது எளிது. பள்ளியை மாற்றியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பள்ளியில் கழிந்த ஆண்டு ஏழில் சேராது. மாதக் கட்டணத்தை விசாரிக்கும்போதே அங்கீகாரத்தையும் விசாரித்துவிடுங்கள்.

வீடு ஓசூரில். பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து கர்நாடகப் பக்கம் சந்தாபுரத்தில் ஒரு பள்ளிக்கு வேனில் போகிறான். அவன் எந்த மாநிலக் கணக்கு?
(வாசகர், ஓசூர்)

'ஏ' பிரிவு பார்ப்பது பள்ளி இருக்கும் இடத்தை. வீடு எங்கே என்பது அதில் இல்லை. பத்தாவது வரை அங்கேயே படித்தால் கர்நாடகத்தில் இடத்துக்குப் போட்டியிடலாம். ஆனால் சலுகைகள் வேறு விஷயம். சாதி, வருமானச் சான்றுகளைக் கர்நாடகத் தாசில்தார்தான் தர வேண்டும், ஓசூர் முகவரிக்குத் தர மாட்டார். ஆகவே அவனுக்குப் பொதுப் பிரிவு இடம் மட்டுமே. வருமானத்தை வைத்துக் கிடைக்கும் கட்டண விலக்கும் இல்லை. தமிழ்நாட்டில் உங்களுக்கு இருப்பிடச் சான்று எளிதாகக் கிடைக்கும் என்பதால் சாதி ஒதுக்கீடு முழுதாக அங்கேதான் கிடைக்கும்.

தமிழ்நாட்டின் 7.5 சதவீத ஒதுக்கீடு மட்டும் கிடைக்காது. அது ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் ரூ.1,000-மும் பெங்களூர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கிடையாது. இதையும் பலர் கேட்டிருந்தீர்கள்.

பி.யு.சி.யில் எந்தப் பாடத் தொகுப்பை (காம்பினேஷன்) எடுப்பது? தமிழை மொழிப்பாடமாக எடுத்தால் ரேங்க் குறையுமா?
(வாசகி, ஸ்ரீராம்புரம்)

குறையாது. பொறியியல் தரவரிசைக்கு இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்கள்தான் எடுக்கப்படுகின்றன. மொழிப்பாடத்தில் தேறினால் போதும். ஆனால் பி.யு.சி.யின் இரண்டு மொழிகளில் ஒன்று ஆங்கிலமாக இருந்தே ஆக வேண்டும், அது பொறியியல் தகுதி விதியிலேயே இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் எடுத்தால் சிக்கல் இல்லை. மார்க் நிறைய வரும் என்று ஆங்கிலத்தை விட்டு வேறு இரண்டு மொழிகளை எடுத்துவிடாதீர்கள்.

பொறியியலுக்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம். மூன்றாவதாக வேதியியல், உயிரியல், கணினி அறிவியல், எலக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றில் ஒன்று இருக்கலாம். தகுதிக்கு இந்தப் பாடங்களில் சேர்த்து 45 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கர்நாடகப் பிற்பட்டோர் பிரிவினருக்கு 40. மருத்துவமா பொறியியலா என்று முடிவாகாத பிள்ளைக்கு பி.சி.எம்.பி. (இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்) இரண்டு வழியையும் திறந்து வைக்கும். பாடச்சுமை கூடுதல்தான், ஆனால் பதினாறு வயதில் ஒரு கதவை மூடுவதைவிட அது மேல் என்பது எங்கள் எண்ணம். மருத்துவத்தில் கண்டிப்பாக ஆர்வமில்லை என்றால், உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் உள்ள பி.சி.எம்.சி. நல்லது.

சி.பி.எஸ்.இ. பெற்றோர் ஒன்பதாம் வகுப்பிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று: பத்தாவதில் 'பேசிக்' (அடிப்படை) கணிதம், 'ஸ்டாண்டர்டு' கணிதம் என்று இரண்டு உண்டு. பதினொன்றில் கணிதம் எடுக்கப் போகிறவர்களுக்கு உரியது ஸ்டாண்டர்டு. எளிதாக மார்க் வாங்க பேசிக் எடுத்துவிட்டு, பிறகு அப்ளைடு கணிதத்தில் போய்ச் சேரும் பிள்ளைகள் பொறியியல் வாசலில் வந்து திகைக்கிறார்கள். அப்ளைடு கணிதம் வணிகவியல், சமூக அறிவியல் படிப்புகளை மனதில் வைத்து உண்டாக்கிய பாடம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலு லட்சம். மகன் பி.இ. சேரப் போகிறான். எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்?
(வாசகர், விவேக் நகர்)

இரண்டை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது எஸ்.என்.க்யூ. எனப்படும் கூடுதல் இடங்கள். கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 சதவீதம். வருமான வரம்பு 8 லட்சம். டியூஷன் கட்டணம் விலக்கு, பல்கலைக்கழகக் கட்டணம் போன்ற மற்றவற்றைக் கட்ட வேண்டும். நாடகச்சேரியில் (கர்நாடக வருவாய்த் துறையின் சான்றிதழ் அலுவலகம்) வாங்கிய வருமானச் சான்றில் இருக்கும் ஆர்.டி. எண்ணை சி.இ.டி. விண்ணப்பத்திலேயே கொடுக்க வேண்டும். கவுன்சலிங் சமயத்தில் சான்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

இரண்டாவது மத்திய அரசின் பி.எம்.-யு.எஸ்.பி. உதவித்தொகை. வருமான வரம்பு 4.5 லட்சம். முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு ரூ.12,000, பி.இ. நான்காம் ஆண்டுக்கு ரூ.20,000, ஆக மொத்தம் ரூ.56,000. பன்னிரண்டாவதில் அவரவர் வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். இது 80 மார்க் வாங்குவது அல்ல. வாரியத்தில் தேறியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குள் வருவது. சி.இ.டி.யில் கணக்கில் வராத மொழிப்பாட மதிப்பெண் இங்கே கைகொடுக்கும். அதனால்தான் தமிழையும் ஆங்கிலத்தையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள் என்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ பெறுபவருக்கு இந்த மத்திய உதவி கிடையாது. இரண்டையும் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வேண்டாம். தனியார் கல்லூரிக் கட்டணத்தை எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் எஸ்.என்.க்யூ. தரும் விலக்குதான் பெரிய தொகை.

விண்ணப்பித்தபின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் நிலையை வாரம் ஒருமுறை பாருங்கள். முதலில் கல்லூரி சரிபார்க்க வேண்டும். குறை இருந்தால் விண்ணப்பம் மாணவருக்கே திரும்பி வரும், கெடுவுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் அந்த ஆண்டு போயிற்று.

எங்களிடம் இருப்பது தமிழ்நாட்டு எஸ்.சி. சான்று. கர்நாடகத்திலும் அதே சாதி பட்டியலில் இருக்கிறது. இங்கே செல்லுமா?
(வாசகி, மர்பி டவுன்)

செல்லாது. பட்டியலில் பெயர் ஒன்றாக இருந்தாலும் எஸ்.சி. தகுதி மாநிலத்தோடு கட்டப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 10.8.1950 அன்று குடும்பம் எங்கே வசித்தது என்பதுதான் அளவுகோல். அதற்குப் பிறகு குடியேறியவர்களின் பிள்ளைகள் பெங்களூரிலேயே பிறந்தாலும், ஒதுக்கீட்டுக்குப் பூர்வீக மாநிலத்தவர்களே.

ஆனால் உங்கள் பகுதியில் பல குடும்பங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கன்டோன்மென்ட்டில் குடியேறியவை. தங்கவயல் குடும்பங்களும் அப்படித்தான். தாத்தா அன்று இங்கே இருந்தார் என்பதற்குச் சுரங்க வேலைப் பதிவோ, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடோ, பிறப்புப் பதிவோ இருந்தால் கர்நாடகச் சான்றுக்கே மனு செய்யுங்கள். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

பத்தாவதுக்குப் பிந்தைய எஸ்.சி. உதவித்தொகையை, கல்லூரி எங்கே இருந்தாலும் மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம் தருகிறது. வருமான வரம்பு 2.5 லட்சம்.

கர்நாடக அரசின் உதவித்தொகைத் தளமான எஸ்.எஸ்.பி.யில் விண்ணப்பித்து ஆறு மாதமாகியும் பணம் வரவில்லை.
(வாசகர், காக்ஸ் டவுன்)

இரண்டு இடங்களில் பாருங்கள். முதலில் வங்கி. பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போவதில்லை. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பழைய கணக்கு மூடப்பட்டிருந்தால் பணம் திரும்பிவிடும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்திலேயே பார்க்கலாம்.

அடுத்தது பெயர். நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இது: பள்ளியில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணி', வங்கியில் 'கார்த்திக் எஸ்'. மனிதருக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு மூன்று பேர். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் கார்டில் உள்ளதையே மூலமாக வைத்து மற்ற இரண்டையும் அதன்படி திருத்துங்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். பதினைந்து வயதில் ஆதார் கைரேகை புதுப்பிப்பும் கட்டாயம், பதினேழு வயது வரை அதற்குக் கட்டணம் இல்லை.

மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது. இப்போதே எதற்காவது எழுதலாமா?
(வாசகி, சிவாஜி நகர்)

எட்டாவதில் மத்திய அரசு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதட்டும். அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் உரியது. வருமான வரம்பு 3.5 லட்சம். ஏழாவதில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 வரும். பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த இரண்டு ஆண்டுக்குத் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 55. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் நின்றுவிடும். விண்ணப்பத்தைப் பள்ளி வழியாகவே அனுப்ப வேண்டும், ஆகவே எட்டாவது தொடங்கியதுமே வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.