டஸ்கனி வேண்டாம், போ நதிக்கரைக்கு வாருங்கள்: வாசகர் கேள்வி–பதில்

வட இத்தாலியில், போ நதிச் சமவெளியில் இருக்கும் ஃபெராரா நகரில் குடியிருக்கிறேன். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சைக்கிள் சுற்றுலாக் குழுக்களுடன் வழிகாட்டியாகப் போகிறேன். முன்னால் ஒருவர் வழி காட்டிப் போவார், கடைசி ஆளுக்கும் பின்னால் நான் வருவேன். இத்தாலியில் பல நாள் சைக்கிள் பயணம் போவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எனக்கு 56 வயது. தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். டஸ்கனியில் எட்டு நாள் சைக்கிள் சுற்றுலா போக ஆசை. ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர்தான் என்று போட்டிருக்கிறார்கள். என்னால் முடியுமா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

45 கிலோமீட்டர் உங்களால் முடியும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கணக்கு அது இல்லை. ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். டஸ்கனி மத்திய இத்தாலியின் குன்றுப் பகுதி. அதன் பழைய ஊர்கள் பலவும் பகைவருக்குப் பயந்து குன்றின் உச்சியில் கட்டப்பட்டவை. அப்படி ஓர் ஊரான மோன்டெபுல்ச்சானோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாளெல்லாம் ஓட்டிக் களைத்த பிறகு, கடைசி ஒரு மணி நேரம் அந்த ஏற்றம் காத்திருக்கும். மறுநாள் காலை அதே குன்றிலிருந்து இறங்கி இன்னொரு குன்றில் ஏற வேண்டும். போதாக்குறைக்கு, படங்களில் அவ்வளவு அழகாகத் தெரியும் வெள்ளைச் சாலைகள் ஜல்லிச் சாலைகள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் வழுக்கும்.

நாள் முழுக்க 100 மீட்டர் ஏற்றம் என்றால் அது சமவெளி, நிம்மதியாக வரலாம். 500 மீட்டர் என்றால் தொடை அதை உங்களுக்கு நினைவுபடுத்தும். 1000 மீட்டரைத் தொட்டால், மேடு ஏறிப் பழகியவர்களுக்கு மட்டும். மின் சைக்கிள் எடுத்தால் டஸ்கனியும் சரிதான். ஆனால் ஐரோப்பியச் சட்டப்படி அதன் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரைதான் உதவும், அதுவும் நீங்கள் மிதித்தால் மட்டும். ஸ்கூட்டர் என்று நினைத்து வந்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு டஸ்கனி வேண்டாம். கார்டா ஏரிக்கரையில் இருக்கும் பெஸ்கியேராவில் தொடங்கி மாந்தொவா, ஃபெராரா, கொமாக்கியோ வழியாக ரவென்னாவில் முடியும் பயணத்தைத் தேடுங்கள். பெஸ்கியேராவை ஒட்டிய சில மேடுகளைத் தாண்டிவிட்டால் அப்புறம் கடல்வரை தட்டை நிலம்தான். இத்தாலியின் மிகச் சிறந்த ஓவியங்களிலும், வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் படங்களிலும் சில இந்த வழியில்தான் இருக்கின்றன. உடம்பு களைத்திருந்தால் அவற்றைப் பார்க்கும் கண்ணும் களைத்துப்போகும். நான் சமவெளியை இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான். எட்டாம் நூற்றாண்டு மடத்தைப் பார்க்காமல் ஓட்டல் அறையில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அந்த வழியில் என்னதான் இருக்கிறது? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.
– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

முதல் நாள் மின்ச்சோ ஆற்றோடு போவது. பெஸ்கியேராவிலிருந்து மாந்தொவா சுமார் 45 கிலோமீட்டர், பெரும்பகுதி கார் வராத தனிப் பாதை. மாலையில் ஒரு பாலம் தாண்டும்போது மாந்தொவா தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி நிற்பது போலத் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் ஆற்றைத் தடுத்து ஊரைச் சுற்றி ஏரிகளாக்கினார்கள்.

அங்கே கோன்சாகா பிரபுக்களின் அரண்மனையில் ஓர் அறை இருக்கிறது. மான்தேன்யா என்ற ஓவியர் 1474-இல் வரைந்து முடித்தது. சுவரில் பிரபுவின் குடும்பம் நிற்கிறது. ஆனால் அண்ணாந்து பாருங்கள். கூரையில் வட்டமாக ஒரு திறப்பு, அதற்கு மேல் நீல வானம், விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு பெரிய செடித் தொட்டி வெறும் கம்பு ஒன்றின் மேல் நிற்கிறது, இப்போது நம் தலையில் விழும் போல. திறப்பு, வானம், தொட்டி எல்லாமே வெறும் ஓவியம். கூட்டமாக உள்ளே விடமாட்டார்கள், சில நிமிடங்கள்தான் தருவார்கள். உங்கள் குழுவுக்கு நேரம் முன்பதிவு செய்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

மறுநாள் போ நதி. சான் பெனெதெத்தோ போ என்ற சிற்றூரில் 1007-இல் தொடங்கிய மடம் இருக்கிறது. பேரரசரும் போப்பும் மோதிய காலத்தில் போப்பின் பக்கம் நின்ற மட்டில்டா சீமாட்டியை 1115-இல் அடக்கம் செய்தது அங்கேதான். பின்னாளில் அவர் உடலை ரோமுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து ஃபெராரா வரை கரை மேல் ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரை என்றால் சாதாரணக் கரை இல்லை, வீட்டுக் கூரை உயரத்துக்கு எழுப்பிய மண் அணை. ஒரு பக்கம் அகன்ற பழுப்பு நதி, அதை ஒட்டி நெட்டிலிங்கம் போல வரிசையாக வளர்க்கும் பாப்லர் மரங்கள். இன்னொரு பக்கம் கீழே சோளக்காடு, பேரிக்காய்த் தோட்டம், ஓட்டுக் கூரைகள், துணி காயும் முற்றங்கள். இவ்வளவு உயரம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அக்கரையில் தெரியும் ஒக்கியோபெல்லோ என்ற ஊரைக் காட்டுவேன். 1951 நவம்பரில் நதி அங்கேதான் கரையை உடைத்துக்கொண்டு போனது. போலேசினே என்ற அந்தப் பகுதியின் பெரும்பாகம் வெள்ளக்காடாகி, ஏராளமான குடும்பங்கள் ஊரை விட்டே போய்விட்டன.

ஃபெராரா என் ஊர், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மதில் சுவரைச் சுற்றி சுமார் 9 கிலோமீட்டர் ஓட்டலாம். இங்கே பாட்டிமார்கள் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு கூழாங்கல் பதித்த சந்துகளில் சைக்கிளில் போவார்கள். ஓர் இரவு மட்டும் தங்கவைக்கும் பயணத்தைவிட இரண்டு இரவு தரும் பயணம் மேல்.

பிறகு டெல்டா. கொமாக்கியோவின் உப்பு நீர்ப் பரப்புகளில் பூநாரைகள் நிற்கும். விலாங்கு மீன்தான் அந்த ஊரை வாழவைத்தது. கடைசி நாள் ரவென்னா. ரோமப் பேரரசி காலா பிளாசிதியாவின் கல்லறை என்று சொல்லப்படும் கட்டடம் வெளியே பார்த்தால் செங்கல் கொட்டடி மாதிரிதான் இருக்கும். உள்ளே போனதும் ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியாது. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், அதன் வழியே தேன் நிறத்தில் வெளிச்சம் கசியும். கண் பழகியதும் கருநீல வானமும் நூற்றுக்கணக்கான பொன் நட்சத்திரங்களும் தெரிய ஆரம்பிக்கும். 5-ஆம் நூற்றாண்டு மொசைக். அவசரப்படாதீர்கள், இருட்டுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கொமாக்கியோ பக்கத்திலிருந்து ரவென்னாவுக்கு ரோமேயா என்ற நெடுஞ்சாலையும் போகிறது. முழுக்க லாரிகள். அதில் சைக்கிள் ஓட்டவைக்கும் எந்தப் பயணத்துக்கும் பணம் கட்டாதீர்கள். நீர்ப்பரப்புகளின் கரையோடு போய், சாந்தல்பெர்த்தோவில் சிறு படகில் ரேனோ ஆற்றைக் கடக்கும் வழி இருக்கிறது. அதுதான் வேண்டும் என்று கேளுங்கள்.

அக்கா, நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். குழுவில் எல்லோரும் போய்விட்டால் நான் தனியாக மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

பயப்படாதேம்மா. உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் நான் பின்னால் வருகிறேன். நல்ல குழுவில் முன்னால் போகும் வழிகாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போவார். நான் வந்து சேரும்வரை அந்த ஆள் அங்கிருந்து நகரக் கூடாது. பெட்டிகளை வண்டி அடுத்த ஓட்டலுக்குக் கொண்டு போய்விடும். உன் சைக்கிளில் தண்ணீரும் மழைச்சட்டையும் இருந்தால் போதும். பஞ்சர் ஆனால் ட்யூப் மாற்றுவது என் வேலை.

ஆனால் எல்லா நிறுவனமும் இரண்டு பேரை அனுப்புவதில்லை. பதினைந்து பேருக்கு ஒரே ஒரு வழிகாட்டி என்றால், மெதுவாக ஓட்டுபவர்களுக்கு அது நரகம். பின்னால் வர ஆள் உண்டா, நடுவில் முடியாவிட்டால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். வழிகாட்டி இல்லாமல் போனில் வழித்தடம் மட்டும் ஏற்றித் தரும் பயணமும் உண்டு. விலை குறைவு, ஆனால் முதல் முறைக்கு உனக்கு அது வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அங்கே சமாளிக்க முடியுமா?
– சென்னையிலிருந்து ஒரு தம்பதி

முடியும். ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இந்தப் பகுதியில் பன்றிக் கொழுப்பு எதிர்பாராத இடங்களில் இருக்கும். ஃபெராராவின் முறுக்கிய ரொட்டியான கோப்பியாவில் அது உண்டு. ரவென்னா பக்கத்து பியதீனா ரொட்டியிலும் பெரும்பாலும் உண்டு, ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததைக் கேட்டு வாங்கலாம். காய்கறி சூப் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். பர்மிசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருள் சேர்க்கிறார்கள், அது இல்லாமல் அந்தப் பெயரே கிடையாது. இந்தப் பகுதியின் பெருமையான பூசணிக்காய் அடைத்த பாஸ்தாவில் இறைச்சி இல்லைதான், ஆனால் அதன் மாவு முட்டையில் பிசைந்தது. அதனால் உங்களுக்கு உலர்ந்த பாஸ்தாதான் சரி. அது பெரும்பாலும் வெறும் கோதுமையும் தண்ணீரும். தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டுத் தரச் சொல்லுங்கள். "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா, சென்சா ஸ்த்ரூத்தோ": கறி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு இல்லாமல். இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், ராத்திரி ஏழரைக்கு முன் திறக்க மாட்டார்கள். பையில் கடலை மிட்டாய் இருக்கட்டும்.

எந்த மாதம் வரலாம்? விசாவுக்கு என்ன செய்வது?
– கோவையிலிருந்து ஒரு வாசகர்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் போ சமவெளி நம் ஊர் சித்திரை மாதிரிதான், கூடவே டெல்டாவின் கொசு. நவம்பரில் பனிமூட்டம் வந்தால் முன் சக்கரமே மங்கலாகத்தான் தெரியும்.

இத்தாலிக்கு வேண்டியது ஷெங்கன் விசா. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள், நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீட்டில் சைக்கிள் ஓட்டும்போது நடக்கும் விபத்தும் அடங்குமா என்று பொடி எழுத்தையும் படித்துப் பாருங்கள்.

என் சைக்கிளையே கொண்டு வரலாமா?
– கொழும்பிலிருந்து ஒரு வாசகர்

வேண்டாம். சமவெளிக்கு அவர்கள் தரும் வாடகை சைக்கிளே போதும். விமானத்தில் கட்டி ஏற்றும் செலவும் கவலையும் மிச்சம். வேண்டுமானால் பழகிய சீட்டை மட்டும் கழற்றிக் கொண்டு வாருங்கள், மாட்டித் தருவோம். உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் டிரவுசர் குறைந்தது இரண்டு வேண்டும். ஹெல்மெட் பெரியவர்களுக்கு இங்கே கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

இலங்கையிலும் இந்தியாவிலும் வலது கைப் பிடி பெரும்பாலும் முன் பிரேக். இங்கே வாடகை சைக்கிள்களில் பெரும்பாலும் இடது கைதான் முன் பிரேக். வண்டிகளும் சாலையின் வலது பக்கம் ஓடும். அதனால் முதல் நாள் காலை குழு கிளம்புவதற்கு முன் ஓட்டல் வாசலில் நான்கு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு பெல் அடிக்கிறதா பாருங்கள். கரை மேல் நாயோடு நடந்து வரும் தாத்தாக்கள் திரும்பிப் பார்க்காமலே ஒதுங்குவது அந்தச் சத்தத்துக்குத்தான்.