மகளுடன் சேர்ந்து நானும் ஐஸ் ஸ்கேட்டிங் பழகலாமா?

கேள்வி: நாங்கள் டொரொண்டோவில், ஸ்கார்பரோவில் வசிக்கிறோம். ஐந்து வயது மகளைப் பள்ளியிலிருந்து ஜனவரியில் ஐஸ் ஸ்கேட்டிங் அழைத்துச் செல்லவிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான் பனித்தளத்தில் கால் வைத்ததே இல்லை. அதற்குள் அவளுடன் சேர்ந்து நானும் பழகிக்கொண்டால், அவள் விழும்போது பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: தாராளமாகப் பழகலாம், ஆனால் அவளைப் பிடித்துக்கொள்ளும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தானே நிற்கப் பழகாதவர் குழந்தையின் கையைப் பற்றியிருந்தால் இருவரும் சேர்ந்தே விழுவார்கள். பெரியவரின் எடை குழந்தையின் மேல் விழுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். உங்களுக்கு ஓரளவு கை வந்த பிறகும், அவளுடைய இரு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்து இழுத்துச் சென்றால் அவள் உடல் பின்னால் சாய்ந்துவிடும், தன் எடையைத் தன் பாதங்களின் மேல் நிறுத்த அவள் கற்கவே மாட்டாள்.

ஆகவே இரண்டு மூன்று முறை நீங்கள் மட்டும் போய் வாருங்கள். ஸ்கார்பரோவின் ஆல்பர்ட் கேம்பல் சதுக்கத்தில் உள்ளதைப் போன்ற நகராட்சியின் திறந்தவெளித் தளங்களில் குளிர்காலத்தில் கட்டணமின்றி ஸ்கேட் செய்யலாம்.

ஸ்கேட்டிங் காலணியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால் கணுக்கால் உள்ளே ஆடும். குளிருமே என்று இரண்டு தடித்த காலுறைகளை அணிவித்தால் பாதம் நெருக்கப்பட்டு, இரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் இன்னும் சில்லிட்டுப் போகும். மெல்லிய காலுறை ஒன்றே போதும். நாடாவை விரல்களின் பக்கம் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் மடியும் இடத்தில் நன்றாக இறுக்கியும் கட்டுங்கள். கட்டி முடித்ததும் குழந்தை முழங்காலை மடக்கி முன்னால் சாய முடிய வேண்டும். சிறு குழந்தைகளுக்கென விற்கப்படும், அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பிளேடுகள் (உலோகத் தகடுகள்) கொண்ட காலணியை நான் பரிந்துரைப்பதில்லை; அதில் நிற்பது எளிது, ஆனால் உண்மையான பிளேடின் உணர்வு காலுக்குப் பழகாது.

தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். அது சைக்கிள் ஹெல்மெட்டாக இல்லாமல், பின்மண்டையையும் நன்கு மூடும், கனடியத் தரச் சான்றான சி.எஸ்.ஏ. முத்திரையுள்ள ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்டாக இருக்கட்டும். ஸ்கேட் கனடா அமைப்பு தொடக்க நிலையினருக்கு நடத்தும் கேன்ஸ்கேட் வகுப்புகளிலும் ஐந்தாம் நிலையைக் கடக்கும் வரை அது கட்டாயம். பெரியவர்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது வழக்கம் என்பதால், உங்களுக்கு மணிக்கட்டுக் காப்பும் நல்லது.

விழுவதையும் எழுவதையும் வீட்டுக் கம்பளத்தின் மேலேயே இருவரும் பழகிவிடுங்கள், குழந்தைக்கு அது விளையாட்டாகவே இருக்கும். சமநிலை தவறும்போது முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் இடுப்பின் மேல் சரிய வேண்டும். எழுவதற்கு முதலில் தவழும் நிலைக்கு வந்து, ஒரு காலை முன்னே ஊன்றி, அந்த முழங்காலின் மேல் இரு கைகளையும் வைத்து அழுத்தி நிமிர வேண்டும். தளத்தில் விழுந்து கிடக்கையில் விரல்களை விரித்து வைக்காமல் முஷ்டியாக மடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிறருடைய பிளேடு அருகிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பனியின் மேல் முதலில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் தூக்கி மிதியுங்கள். பின்பு பாதங்களை ‘வி’ வடிவில் விரித்துச் சிறு அடிகளாக நடந்து, சட்டென்று அடி வைப்பதை நிறுத்தி, உடலை வழுக்கிச் செல்ல விடுங்கள். தரையில் நடப்பதுபோல் பின்னோக்கி உந்தினால் பிளேடு பிடிப்பின்றி வழுக்கிவிடும், அதன் உள்விளிம்பால் பக்கவாட்டில் தள்ளினால்தான் உடல் முன்னே போகும்.

மகளை அழைத்துச் செல்லும் முதல் நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தடித்த கால்சட்டை அணிந்துகொண்டு, தடுப்புச் சுவரின் அருகே, அவளிடமிருந்து நான்கைந்து அடி தள்ளிப் பனியிலேயே மண்டியிட்டு அமருங்கள். அந்த நிலையில் நீங்கள் விழ மாட்டீர்கள், உங்கள் முகமும் அவள் முகத்துக்கு நேராக இருக்கும். அங்கிருந்து அவளைக் கூப்பிடுங்கள். வழியில் விழுந்தால் அவளே எழுந்து வரட்டும்.