மூன்றாம் நாள் வந்த முடிவு: வாசகர் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் இப்போது இல்லாத ஓர் அவையை, சட்டமன்றத்துக்கு மேல் இரண்டாவது அவையாக இருக்கும் மேலவையைப் பற்றி இத்தனை கடிதங்கள் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தவற்றுள் பாதிக்கு மேல் காட்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவை. அதில் வியப்பும் இல்லை. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமே இன்று ஆந்திராவில் இருக்கும் சித்தூர்தான். மாவட்டம் பிரிந்தாலும் பெண் கொடுத்து எடுத்த உறவு பிரியவில்லை. அங்கே மேலவைத் தேர்தல் நடந்தால் இங்கே திண்ணையில் பேச்சு நடக்கிறது.

கேள்வி: சித்தூரில் இருக்கும் என் அக்காள் மகன் 2023 மார்ச் 13 அன்று மேலவைக்கு, பட்டதாரிகள் மட்டுமே வாக்களிக்கும் பட்டதாரிகள் தொகுதியில் வாக்களித்தான். ஊதா நிறப் பேனா ஒன்றைக் கொடுத்து, பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எழுதச் சொன்னார்களாம். அவனுடன் சென்ற நண்பன் பழக்கதோஷத்தில் 'டிக்' அடித்துவிட்டு வந்து, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டானாம். சட்டமன்றத் தேர்தல் முடிவு மதியத்திற்குள் தெரிந்துவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இரவும் பகலுமாக நாள் கணக்கில் எண்ணினார்கள்?
(காட்பாடி வாசகர்)

நண்பரின் வாக்கு செல்லாத வாக்காகத்தான் போயிருக்கும். இத்தேர்தலில் இயந்திரம் இல்லை, முத்திரையும் இல்லை. வாக்குச்சாவடி அலுவலர் தரும் அந்த ஊதாப் பேனாவால் எண்ணை மட்டுமே எழுத வேண்டும். 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினாலும் செல்லாது, சொந்தப் பேனாவால் எழுதினாலும் செல்லாது. 1 என்பதை யாரேனும் ஒருவருக்குக் கட்டாயம் இட வேண்டும். 2, 3 என்பவை வாக்காளரின் விருப்பம். படித்தவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் செல்லாத வாக்குகள் கட்டுக் கட்டாகச் சேருவதை எண்ணிக்கை அறையில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

இனி, நாள் கணக்கில் எண்ணுவதற்கு வருவோம். சட்டமன்றத் தேர்தலில் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றவர். இங்கே அப்படி அன்று. செல்லத்தக்க வாக்குகளை இரண்டால் வகுத்து, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணை, அதாவது பாதிக்கு மேற்பட்ட வாக்கை, ஒருவர் எட்ட வேண்டும். 1 என்று குறிக்கப்பட்ட முதல் விருப்ப வாக்குகளிலேயே யாராவது எட்டிவிட்டால் அன்றே மாலை போட்டு அனுப்பிவிடலாம். எட்டாவிட்டால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். செல்லத்தக்க வாக்குகள் 10,000 என்றால் எட்ட வேண்டிய எண் 5,001. முதல் சுற்றில் முத்து 4,300, வேலு 4,100, கண்ணன் 1,000, சேகர் 600 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் இருக்கும் சேகரை நீக்கிவிட்டு அவருடைய 600 சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றில் 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணனுக்கு 250, வேலுவுக்கு 150, முத்துவுக்கு 100 போகின்றன. எஞ்சிய 100 பேர் 1 மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டவர்கள். அவர்களுடைய சீட்டு அத்துடன் தீர்ந்தது. இப்போது முத்து 4,400, வேலு 4,250, கண்ணன் 1,250. அடுத்து கண்ணன் நீங்குகிறார். அவர் கட்டிலிருந்து வேலுவுக்கு 700, முத்துவுக்கு 300, தீர்ந்தவை 250. முடிவில் வேலு 4,950, முத்து 4,700. இருவருமே 5,001-ஐ எட்டவில்லை. ஆயினும் மிஞ்சியிருப்போர் இருவரே என்பதால் குறைந்தவர் நீங்க, வேலு வென்றதாக அறிவிக்கப்படுகிறார். முதல் நாள் பட்டாசு வாங்கி வைத்தவர்கள் முத்துவின் ஆட்கள் என்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நான்கு பேருக்கே இவ்வளவு. பட்டதாரிகள் தொகுதிகளில் சுயேச்சைகள் சாரிசாரியாக நிற்பார்கள். ஒவ்வொருவரையும் நீக்கும்போது அவர் கட்டைப் பிரிக்க வேண்டும். அதில் 2 என்று குறிக்கப்பட்டவர் ஏற்கெனவே நீங்கியவராக இருந்தால் 3 யாருக்கு என்று தேட வேண்டும். ஐம்பது வாக்கு வாங்கிய சுயேச்சைக்கும் இந்த மரியாதையை மறுக்க முடியாது.

2023-இல் இதற்குச் சரியான சான்று, தங்கள் உறவினர் வாக்களித்த கிழக்கு ராயலசீமாவைவிட, கடப்பா, அனந்தபூர், கர்னூல் அடங்கிய மேற்கு ராயலசீமா தொகுதிதான். மார்ச் 16 அன்று தொடங்கிய எண்ணிக்கையில் முதல் விருப்ப வாக்குகளின்படி முன்னணியில் இருந்தவர் அப்போதைய ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர். மற்றவர்களை நீக்கிக்கொண்டே வந்தபோது, குறிப்பாக இடதுசாரிகளின் ஆதரவு பெற்ற வேட்பாளருடைய கட்டு பிரிக்கப்பட்டபோது, இரண்டாம் விருப்ப வாக்குகள் தெலுங்கு தேசத்தின் பக்கம் சாய்ந்தன. இரண்டாம் விருப்பத்தை ஒருவருக்கொருவர் அளித்துக்கொள்வதென்று அவ்விரு தரப்பும் முன்பே பேசி வைத்திருந்தன. 18-ஆம் தேதி வென்றவர் தெலுங்கு தேசத்தின் பூமிரெட்டி ராம்கோபால் ரெட்டி. சட்டமன்றத் தேர்தலில் மூன்றாம் இடத்தில் வருபவர் முடிவைக் கெடுக்கிறார் என்பார்கள். இங்கே மூன்றாம் இடத்தில் வருபவர் முடிவை எழுதுகிறார்.

கேள்வி: அதே சித்தூரில், அதே நாளில், பட்டதாரிகள் தொகுதி தெலுங்கு தேசத்துக்கும் ஆசிரியர் தொகுதி ஆளுங்கட்சிக்கும் போனது எப்படி? ஆசிரியரும் பட்டதாரிதானே?
(ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, குடியாத்தம்)

அம்மா, தாங்கள் கேட்ட கேள்வியில்தான் மேலவையின் மர்மம் முழுவதும் இருக்கிறது. அந்த மார்ச்சில் ஆந்திராவில் நான்கு வகை வாக்காளர்கள் மேலவைக்கு ஆள் அனுப்பினார்கள். உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது இடங்களும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு; ஆசிரியர் தொகுதிகள் இரண்டும் அதற்கே; பட்டதாரிகள் தொகுதிகள் மூன்றும் தெலுங்கு தேசத்துக்கு; சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஏழில் ஆறு ஆளுங்கட்சிக்கு, ஒன்று தெலுங்கு தேசத்துக்கு. ஒரே மாநிலம், ஏறத்தாழ ஒரே பத்து நாள்கள். மாறியவர்கள் வாக்காளர்கள் மட்டுமே.

உள்ளாட்சி மன்றங்களில் ஆளுங்கட்சி நிறைந்திருந்தது. அங்கே முடிவு, உள்ளாட்சித் தேர்தல் முடிந்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. ஆசிரியர் தொகுதி சிறியது. அங்கே சங்கங்களின் செல்வாக்கும், வேட்பாளர் எத்தனை பள்ளிகளின் படியேறினார் என்பதும் கட்சிக்கொடியைவிடக் கனமானவை. பட்டதாரிகள் தொகுதியில் வேலை தேடும் இளைஞர்கள் ஏராளம். ஆகவே அரசின் மீதுள்ள கோபம் முதலில் வெளிப்படும் இடமும் பெரும்பாலும் அதுவே. மறு ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 175 இடங்களில் 11 மட்டுமே பெற்றபோது, பட்டதாரிகள் முன்பே சொன்னார்களே என்று பலர் எழுதினார்கள். அப்படியானால் அதே மார்ச்சில் ஆசிரியர்கள் சொன்னதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு வகை வாக்காளரின் முடிவை வைத்து மாநிலத்துக்கே சோதிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்றையும் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் மூன்றாண்டு பணியாற்றிய ஆசிரியருக்கே வாக்குரிமை தருகிறது. முப்பது ஆண்டு அகரம் கற்பித்தவருக்கு இதில் இடமில்லை. என் தந்தை ஆரணிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். மேலவைத் தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் அஞ்சலட்டைகள் "பேரன்புடைய ஆசிரியப் பெருந்தகைக்கு" என்று தொடங்கி வீடு தேடி வரும். அடுத்த தெருவில் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஓர் அட்டையும் வராது. அவர் என் தந்தையின் அட்டைகளை வாங்கிப் படித்துவிட்டு, ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தருவார்.

கேள்வி: சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தெலுங்கு தேசம் பெற்ற ஒன்றை எல்லோரும் அதிசயமாகப் பேசினார்களே, ஏன்?
(இராணிப்பேட்டை வாசகர்)

கணக்கு எளியது. 175 உறுப்பினர்கள், ஏழு இடங்கள். ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு 100 என்று வைத்து, மொத்தம் 17,500-ஐ, இடங்களைவிட ஒன்று கூடுதலான எட்டால் வகுத்து, பின்னத்தை விட்டு ஒன்றைக் கூட்டினால் 2,188. அதாவது 22 பேரின் முதல் விருப்பம் இருந்தால் வெற்றி உறுதி. தெலுங்கு தேசம் 2019-இல் 23 பேருடன் சட்டமன்றம் புகுந்தது. அவர்களுள் நால்வர் ஆளுங்கட்சியுடன் நெருங்கிவிட்டதால் கையில் இருந்தவர்கள் 19. ஆனால் அக்கட்சியின் வேட்பாளர் பஞ்சுமர்த்தி அனுராதாவுக்கு விழுந்த வாக்குகள் 23. கூடுதலாக வாக்களித்த நான்கு பேர் யார் என்று தேடிய ஆளுங்கட்சி, தன் உறுப்பினர்கள் நால்வரை இடைநீக்கம் செய்தது.

கேள்வி: கோலார் தங்கவயலில் ஆசிரியராக இருக்கும் என் தம்பியும் வாக்களித்தார். அங்கே என்ன ஆயிற்று?
(வாணியம்பாடி வாசகர்)

தம்பி வாக்களித்தது கர்நாடகத்தின் தென்கிழக்கு ஆசிரியர் தொகுதியில். 2024 ஜூனில் அங்கே காங்கிரசின் டி.டி. சீனிவாஸ் வென்று, பா.ஜ.க.விடமிருந்து அத்தொகுதியைப் பறித்தார். அதே வாரம் கோலார் மக்களவைத் தொகுதியை வென்றது, பா.ஜ.க.வின் கூட்டாளியான மதச்சார்பற்ற ஜனதா தளம். அப்போது தேர்தல் நடந்த ஆறு மேலவை இடங்களில் காங்கிரசுக்கு மூன்று, ஜனதா தளத்துக்கு இரண்டு, பா.ஜ.க.வுக்கு ஒன்று.

கேள்வி: பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நம் மாநிலத்தில் மேலவை வந்தால் என் பெயர் தானாகப் பட்டியலில் சேர்ந்துவிடுமா?
(திருப்பத்தூர் வாசகி)

சேராது. பட்டதாரிகள், ஆசிரியர்கள் தொகுதிகளுக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பட்டியல் தயாரிப்பார்கள். பட்டதாரிகள் படிவம் 18-இலும் ஆசிரியர்கள் படிவம் 19-இலும் விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய தேர்தலில் வாக்களித்தவரும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியவரே. வாக்களிப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டுமே தவிர, போட்டியிடுபவர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. 1970-இல் சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியில் பட்டதாரி அல்லாத ஒருவர் வென்றதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாதென்றது. 1972-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

கேள்வி: நமக்கிருந்த மேலவையை ஏன் இழந்தோம்? இழந்தது நல்லதா, கெட்டதா? தாங்கள் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.
(ஆரணி வாசகர்)

எல்லோரும் சொல்லும் காரணம், 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு பரிந்துரைத்த ஒரு திரைக்கலைஞரின் நியமனம், அவர் கடன் தீர்க்க இயலாதவராக நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருந்ததால் சிக்கலானது என்பது. அது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நகராட்சிகள் பலவற்றைத் திமுக கைப்பற்றியிருந்ததையும், மேலவையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும், கருணாநிதி அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். அந்த மே மாதம் 14-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நவம்பர் 1 அன்று 63 உறுப்பினர்களைக் கொண்ட மேலவை இல்லாமற்போனது. அதன் பிறகு திமுக ஆட்சிக்கு வந்தால் மீட்கத் தீர்மானம், அதிமுக வந்தால் அதைத் திரும்பப் பெறும் தீர்மானம் என்று 1989 முதல் 2011 வரை மும்முறை நடந்தது. 2010-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றி, 78 இடங்கள் என்று முடிவான பிறகும் தேர்தல் நடக்கவில்லை.

ஆந்திராவும் இதில் நமக்குச் சளைத்ததன்று. மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்களை அமைப்பதற்கான மசோதாக்களை மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பிய கோபத்தில், 2020 ஜனவரியில் அதைக் கலைக்கத் தீர்மானம் போட்ட அரசு, தன் ஆட்களே மேலவையில் பெருகிய பிறகு 2021 நவம்பரில் அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மழுப்பாமல் சொல்கிறேன். சாதாரண மசோதாவை முதலில் மூன்று மாதமும் பிறகு ஒரு மாதமும் மட்டுமே தாமதப்படுத்தக்கூடிய ஓர் அவைக்காக நான் ஏங்கவில்லை. பட்டம் பெற்றவருக்கு இரண்டாவது வாக்கும், வேலூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு ஒரே வாக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளாட்சி உறுப்பினர்களுக்குக் கோட்டையில் ஒரு குரல் கிடைப்பது மட்டுமே அதில் எனக்குப் பிடித்த பகுதி. 78 இடங்கள் வந்திருந்தால் அவற்றில் 26 அவர்களுடையவை.

ஆனால் அந்த அவைக்கு வந்துபோனவர்களை எண்ணும்போது சற்றுத் தயக்கம் வருகிறது. 1952-இல் தேர்தலில் நிற்காமலே இராஜாஜி முதல்வரானது மேலவை நியமனத்தின் வழியே. அது அன்றே குறை சொல்லப்பட்டது. 1967-இல் முதல்வரான அண்ணாவும் மேலவை உறுப்பினராகவே இருந்தார். சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியை 1960-இல் தமிழகத்துக்கு மீட்ட வடக்கெல்லைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ம.பொ.சி.தான் மேலவையின் கடைசித் தலைவர்.